நீ மூடித் தந்த கண்ணாடிக் குழாய்

அன்புள்ள உனக்கு,

இவ்வளவு நேரங்கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். ஊர் அடங்கி வெகு நேரமாகிவிட்டது. பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். அரிக்கேன் விளக்கின் திரியை இறக்கி, வெளிச்சம் அவள் முகத்தில் விழாதபடி முறத்தைச் சாய்த்து வைத்திருக்கிறேன். அதனால் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பட்டப்பகலில் எழுதினாலும் உன் எழுத்து அப்படித்தானேடி என்பாய். சொல்லிவிட்டுப் போ.

என் எதிரே நீ மூடித் தந்த குழாய் இருக்கிறது. அதன் அடிப்பாகத்திலிருந்து சந்தன வாசனை வருகிறது. இன்றைக்கு ஆயுத பூஜை. என் மாமியார் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து, ஓரம் வெடித்து, குங்குமத்தோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் துடைக்க மனம் வரவில்லை. சந்தனம் என்றால் உனக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதுவேதான் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. சாயங்காலம் வரைக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது.

பட்டணத்தில், நம் கல்லூரியின் மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த அறையை நினைத்துக்கொள்கிறேன். யுத்தம் முடிந்த புதிது. பேராசிரியர் நம் இருவரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தி, சீமையில் புதிதாக ஓர் எந்திரம் கட்டப் பார்க்கிறார்கள் என்று சொன்னார். நீளமான செப்புக் குழாய்க்குள் எலெக்ட்ரான்களை நேர்கோட்டில் ஓடவிடுவார்களாம். ரேடாருக்காகக் கண்டுபிடித்த அலைகளின் மேல் அவற்றை ஏற்றி, போகப் போக வேகத்தைக் கூட்டுவார்களாம். "அந்த எந்திரத்தை நம்மால் கட்ட முடியாது. காசுமில்லை, சாமானுமில்லை. ஆனால் அதன் வாயில் வைக்கிற எலெக்ட்ரான் ஊற்றை நாம் செய்யலாம். நல்ல ஊற்று இன்னும் யாரிடமும் இல்லை" என்றார். சொல்லிவிட்டுப் போனவர் பூட்டுக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டார். நாம் வெகு நேரம் அந்தக் குண்டு பல்பின் கீழே நின்றுகொண்டிருந்தோம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சொன்னேன். எந்திரத்தை விட்டுவிட்டு அதன் வாயைச் செய்து என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். நீ இஞ்சின் டிரைவர் மகள். அரக்கோணத்திலிருந்து தினமும் ரயில்வே பாசில் வருகிறவள். உனக்கு எல்லாமே ரயில்தான்.

"வண்டி எம்மாம் வேகமா போனா இன்னாடி? பிளாட்பாரத்துல ஜனம் முட்டி மோதிகினு ஏறுச்சுன்னா பாதி பேரு கீழ வுழுந்துடுவான். வண்டி நிக்கிற அந்த ஒரு நொடியில, ஒரே வாசல்ல, ஒழுங்கா ஏறணும். நம்ம வேலை வண்டி வுடறது இல்ல. பிளாட்பாரம் கட்டறது."

அன்றிலிருந்து அந்த அறைக்குப் பிளாட்பாரம் என்றே பெயர் வைத்துவிட்டோம். பேராசிரியரும் சில நாளில் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார், ஏன் என்று தெரியாமலே.

நம் ஊற்று என்பது கடுகளவு நிக்கல் தொப்பி. அதன் தலையில் பேரியம் மாவைக் குழைத்துப் பூச வேண்டும். குழைக்கிற திரவத்துக்கு வாழைப்பழ வாசனை. பூசுவது எப்போதும் நீதான். என் கை நடுங்கும். பூசியதைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து மூடி, பம்பால் காற்றை இறைத்துக்கொண்டே தொப்பியைச் சூடாக்கினால், சிவந்த சூட்டில் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். கேட்பதற்கு எளிது. ஆனால் சூடு ஏற ஏற அந்த மாவு தன்னிடமிருக்கிற காற்றையெல்லாம் கக்கும். அவசரப்பட்டால் பொரிந்து உதிர்ந்துவிடும். நாம் செய்த முதல் தொப்பிகள் எல்லாம் அப்படித்தான் போயின.

அதற்கு நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். யார் புத்தகத்திலும் அது இல்லை. கொஞ்சம் சூடாக்குவாய். பிறகு பம்பின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாய். காற்று வந்துகொண்டிருக்கும் வரை பம்பு சளி கட்டியதுபோல் களகளவென்று இரையும். காற்று தீரத் தீர அந்தச் சத்தம் வறண்டு, கடைசியில் சுண்டு விரலால் மேசையைத் தட்டுகிற மாதிரி டக் டக் என்று ஆகிவிடும். அது கேட்ட பிறகுதான் இன்னும் கொஞ்சம் சூடு. நான் கடிகாரத்தைப் பார்த்துப் பரபரப்பேன். நீ தயிர்சாதப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அவசரப்படாத. அது மூச்சு வுடட்டும்" என்பாய். ரயில் போய்விடும். அடுத்த ரயிலும் போய்விடும். உன் நைனா அரக்கோணம் ஸ்டேஷனில் காத்துக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நீ செய்த காரியத்தை எழுதாவிட்டால் மனம் ஆறாது. லோகோ ஷெட்டில் உன் நைனா இஞ்சினுக்குச் சந்தனம் தெளித்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்குவாராம். நம் பிளாட்பாரத்துக்கும் பூஜை போட வேண்டும் என்று நீ வீட்டிலிருந்தே சந்தனம் அரைத்துக் கொண்டுவந்தாய். பம்புக்கு ஒரு பொட்டு, மின்கல அடுக்குக்கு ஒரு பொட்டு, ஸ்விட்சுக்கு, ஸ்டூலுக்கு, என் நெற்றிக்கு. இன்னும் மூடாமல் மேசையில் பரப்பி வைத்திருந்த ஊற்றின் பாகங்களுக்கும் ஒவ்வொரு பொட்டு. விடுமுறை முடிந்து வந்து, எல்லாவற்றையும் துடைத்துக் கோத்து, மூடி, பம்பைப் போட்டோம்.

பம்பு இரைந்தது. அன்றும் இரைந்தது, மறுநாளும் இரைந்தது. வாரக்கணக்கில் இரைந்தது. எங்கே ஓட்டை என்று ஒவ்வோர் ஒட்டாகத் தேடினோம். எண்ணெயை மாற்றினோம். பேராசிரியர் கதவருகே நின்று, "என்னம்மா, மெட்ராஸ் காத்து பூரா உங்க குழாய்க்குள்ளதான் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கடைசியில் குழாயை அறுத்துத் திறந்தோம். நீ மூக்கை வைத்து முகர்ந்தாய். முகம் மாறியது. குழாயை என் பக்கம் நீட்டினாய். கோயில் பிராகாரம் மாதிரி மணத்தது. சின்ன உருளை ஒன்றின் உட்பக்கம், துணி போகாத இடத்தில், உன் மோதிர விரல் ரேகையோடு ஒரு பொட்டு, கருகிப்போய் உட்கார்ந்திருந்தது. நாம் விரட்டிக்கொண்டிருந்ததெல்லாம் சந்தனத்தின் மூச்சு. நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "சாமி உள்ளயே உக்காந்துகினு கீறாருடி. நாம வெளிய தேடிகினு இருக்கறோம்" என்றாய். அப்புறம்தான் இருமல் வந்தது. சிரிப்பால் வந்த இருமல் என்று நினைத்தோம்.

அடுத்த குழாய் வேலை செய்தது. எலெக்ட்ரான்கள் பட்டுப் பச்சைப் புள்ளி குழாயின் மறுமுனைத் திரையில் வந்து நின்ற அந்தக் கணம், நீ கத்தவில்லை. காந்தத்தை எடுத்து மெதுவாகக் கிட்டே கொண்டுபோனாய். புள்ளி நகர்ந்தது. எடுத்தாய், திரும்பி வந்தது. "கூப்பிட்டா வருது பாரு" என்றாய், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

பிறகு வந்தவையெல்லாம் சோதனைகள். எத்தனை எலெக்ட்ரான் வருகிறது, எவ்வளவு சிறிய புள்ளியாகக் குவிகிறது, எத்தனை நாள் தாங்குகிறது. மற்றவர்களுடைய தொப்பிகள் சீக்கிரமே களைத்துவிடுகின்றன என்றும், மெதுவாக மூச்சு விட்டுப் பழகிய உன் தொப்பிகள் களைப்பதில்லை என்றும் நீ சொன்னாய். மூடிய குழாயை வருஷக்கணக்கில் பெட்டியில் போட்டு வைத்து எடுத்தாலும் அதே அளவு கொடுக்கும் என்று அடித்துச் சொன்னாய். பேராசிரியர் தலையை ஆட்டினார். "வருஷம் போகட்டும், பார்க்கலாம்" என்றார். அதற்காகவே சில குழாய்களை அளந்து, மூடி, அலமாரியில் வைத்தோம். நான் கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தேன். நீ தனியாக இருந்தாய். அறையை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அலமாரியில் இருந்த குழாய்களை உடைத்து நிக்கலை எடுத்துக்கொண்டார்கள், நிக்கல் கிடைக்காத காலம் என்று. கடைசியாக நீ மூடிய குழாய் மட்டும் உன் பையில் இருந்ததால் தப்பியது.

அதைத்தான் நீ இங்கே கொண்டுவந்தாய். அரக்கோணத்திலிருந்து பாசஞ்சரில், பஞ்சிலும் பழம்புடவையிலும் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். தெருவில் உன்னைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. புடவைதான் நடந்து வந்தது.

"உள்ள வாடி."

"வேணாம். இங்கியே நிக்கிறேன். பாப்பாவைக் கிட்ட கொண்டாராத. அங்கியே இருந்து காட்டு."

நான் வாசற்படியில் நின்று அவளைத் தூக்கிக் காட்டினேன். அப்போது அவளுக்குத் தலைகூட நிற்கவில்லை.

"ஆங், பாத்துட்டேன். மூக்கு உன்துதான். பாவம்."

மூட்டையைப் படியில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றாய். பிறகே என்னை எடுக்கச் சொன்னாய். துணியைப் பிரித்தேன். குழாயின் உச்சியில், கண்ணாடியின் உட்புறம், நாம் ரசம் என்று சொல்வோமே, அந்த வெள்ளிப் பூச்சு, முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பளபளத்தது. மிச்சமிருக்கிற காற்றைத் தின்பதற்காக உள்ளேயே வைக்கிற ரசம்.

"மின்னுதா?"

"மின்னுது."

"அது மின்னுற வரைக்கும் உள்ள காத்து போவலன்னு அர்த்தம். வெளுத்துச்சுன்னா..." என்று நிறுத்தினாய். "வெளுக்காது. நான் மூடுனது."

மலைப்பக்கத்துக் காசநோய் சானடோரியத்தில் சேரப் போவதாகச் சொன்னாய். "எனக்குக் காத்துதான் மருந்தாம். இம்மாம் நாளு காத்தை வெளிய தள்ளிகினு இருந்தேன். இப்ப உள்ள இழுக்கச் சொல்றாங்க" என்றாய். என் மாமியார் மோர் கொண்டுவந்தார். நீ உன் தம்ளரை நீயே கொண்டுவந்திருந்தாய். மோரைத் தூக்கி ஊற்றச் சொல்லி வாங்கிக் குடித்தாய். "வந்து நானே அளக்கறேன். அதுவரிக்கும் உடைக்காம வெச்சிரு" என்று சொல்லிவிட்டு, மத்தியான வண்டிக்கு நடந்தாய். பெரிய தெருவில் காவடிக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. அதற்குள் மறைந்தாய். நான் இன்னும் கொஞ்ச தூரம் கூட வந்திருக்கலாம். குழந்தை அழுதாள்.

செய்தியைக் கொண்டுவந்தவர் உன் நைனா. கூட்ஸ் வண்டி சிக்னலுக்கு நின்ற நேரத்தில், உடுப்பில் கரியோடு ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். உட்காரச் சொன்னேன். கரி படும் என்று உட்காரவில்லை.

"பொண்ணு போயிட்டாம்மா" என்றார். பிறகு, "அந்தக் கண்ணாடி நல்லா கீதா? அதையேதான் கேட்டுகினு இருந்தா" என்றார்.

எடுத்துவந்து காட்டினேன். கையை நீட்டியவர் கரியைப் பார்த்துவிட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "மின்னுது" என்று மட்டும் சொன்னார். தூரத்தில் இஞ்சின் ஊதியது. ஃபயர்மேன் கூப்பிடுகிறான் என்று போய்விட்டார். நான் அழுவதற்கு முன்பே பாப்பாவுக்கு இழுப்பு கண்டது. அவள் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். களகளவென்ற அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். உனக்காக அழ எனக்கு அன்றைக்கு நேரம் கிடைக்கவில்லை, தெரியுமா? இதுவரைக்கும் கிடைக்கவில்லை.

போன மாசம் பேராசிரியரிடமிருந்து கார்டு வந்தது. இந்த வருஷத்தோடு அவருக்கு உத்தியோகம் முடிகிறது. பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் குழாயைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அவரே அளப்பாராம். அன்று அளந்த அளவு இன்றும் வந்தால், உன் முறை சரி என்று ஆகிவிடும். உன் பெயரையும் என் பெயரையும் போட்டுக் கட்டுரையைச் சீமைக்கு அனுப்பிவிடுவார். வராவிட்டால், இன்னொரு குழாய் செய்து காத்திருக்க அவரிடம் ஆளுமில்லை, காலமுமில்லை. கார்டில் இவ்வளவு அப்பட்டமாக எழுதவில்லை. ஆனால் அதுதான் அர்த்தம். நீ பூமியில் இருந்ததற்கு, உன் நைனாவின் நெஞ்சில் இருக்கும் நினைவைத் தவிர, இந்தக் குழாய் ஒன்றுதான் சாட்சி.

என் வீட்டுக்காரர் என்னோடு வர லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். நான் போய் வரும் வரைக்கும் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமியார் ஒத்துக்கொண்டார். எனக்குப் பயம்தான். ரயிலில் கூட்டம் இடித்தால்? பாப்பாவுக்கு அன்றைக்கென்று இழுப்பு வந்தால்? ஆனால் குழாயைப் பற்றி மட்டும் பயம் இல்லை. தினமும் காலையில் பெட்டியைத் திறந்து ரசத்தைப் பார்ப்பேன். மின்னும். மூடிவிடுவேன்.

இன்று காலையில் மாமியார் நடுவீட்டில் கோலம் போட்டு, பலகை மேல் எல்லாவற்றையும் அடுக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அவன் பேனா கீது, சைக்கிள் கீது. என் அரிவாமனை கீது. உன்துன்னு ஒண்ணும் இல்லியாம்மா?"

"எனக்கு இன்னாங்க அத்தை இருக்குது?"

"பொட்டியில வெச்சிகினு தெனம் ஒருவாட்டி பாக்கறியே, பல்பு. அத்த எடுத்தா. அதானே உன் தொழிலு?"

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் படிப்பை யாரும் குறை சொன்னதில்லை. அதைத் தொழில் என்றும் யாரும் சொன்னதில்லை. ஓடிப்போய் எடுத்துவந்தேன். சந்தனத்தை வெளியே மட்டும் வைக்கும்படி சொன்னேன்.

"உள்ள எப்படிம்மா வெக்கறது? ஓட்டையே இல்லியே!" என்றார் அவர்.

நான் சிரித்த சிரிப்பைக் கேட்டு இவர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார். உன் மோதிர விரல் கதையை இருவருக்கும் சொன்னேன். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "நல்ல பொண்ணு. மோரைத் தூக்கிக் குடிச்சாளே, அவதானே?" என்று கேட்டுவிட்டு, குழாயை எல்லாவற்றுக்கும் முன்னால், குத்துவிளக்குப் பக்கத்திலேயே வைத்தார். உனக்குக் கொடுத்த மரியாதை அது.

இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. விளக்கு வெகு நேரம் எரிந்தது, பக்கத்தில் கண்ணாடி சூடேறிக்கொண்டே இருந்தது. பொரி, கடலை, சுண்டல் எல்லாம் வைத்து, கர்ப்பூரம் காட்டி முடித்ததும், மாமியார் வழக்கம்போல் செம்பில் மாவிலையை நனைத்து எல்லாவற்றின் மேலும் தீர்த்தம் தெளித்தார். பேனா மேல், சைக்கிள் மேல், அரிவாள்மணை மேல், பாப்பா மேல், குழாய் மேல்.

டிக் என்று ஒரு சத்தம். நகத்தை நகத்தால் சுண்டுகிற சத்தம். வேறு யாருக்கும் கேட்கவில்லை. பாப்பா பொரிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ரசம் மின்னியது. விளக்குத்திரியின் சத்தமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் மேற்கு ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான், கம்பி கண்ணாடிக்குள் நுழைகிற இடத்தில் ஒரு மயிரிழை தெரிந்தது. உச்சியில் ரசத்தின் விளிம்பு, நீர்த்த மோர் காய்ந்தாற்போல் வெளுத்திருந்தது.

"ஏங்க, அரக்கு இருக்குதா?"

"யாருக்கு சீல் வெக்கப் போற?" என்று கேட்டுக்கொண்டே திரும்பியவர் என் முகத்தைப் பார்த்தார். தாலுகா ஆபீஸ் தபால் முத்திரைக்கு வைத்திருந்த அரக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

நீ ஒருமுறை பம்பின் ஒட்டில் அரக்கு வைத்தது எனக்கு நினைவிருந்தது. கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது சூடான அரக்கு பட்டால் இன்னும் விரியும் என்பதும் நினைவிருந்தது. குழாயை வயிற்றோடு அணைத்து, புடவைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உடம்புச் சூடு அதற்கு ஏறும் வரைக்கும். பாப்பா பிறந்த புதிதில் அவளை அப்படி வைத்துக்கொண்டிருக்கிறேன். இவர் கரண்டியில் அரக்கை உருக்கினார். நான் துடைப்பக் குச்சியால் தொட்டுத் தொட்டு வைத்தேன். கை நடுங்கியது. உன் கை இல்லை, என் கைதானே.

"பொழைக்குமா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

"சொல்ல மாட்டேங்க."

மாமியார் சமையலறையில் பாப்பாவுக்குப் பொரியை வெல்லத்தோடு இடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பல்பு உனக்குச் சோறு போடும் பாரு என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. எப்படிச் சொல்வேன்? அவர் தெளித்தது தீர்த்தம்.

வெளுப்பு எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று பாப்பாவின் மைச்சிமிழை எடுத்து, கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு கோடு போட்டேன். கோட்டைத் தாண்டாவிட்டால் அரக்கு பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். விளக்கேற்றிய பிறகு பார்த்தேன். தாண்டவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். தாண்டியிருந்தது போலவும் இருந்தது, மை பரவியது போலவும் இருந்தது. இந்தக் கடிதத்தை ஆரம்பிப்பதற்கு முன் பார்த்தேன். தாண்டியிருக்கிறது. ஒரு நகக்கண் அகலத்துக்கு. மலைமேல் நடை சாத்திய மணி கேட்டபோது இன்னொரு கோடு போட்டேன். அதைப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ விட்டுப்போனதில் என்னிடம் மிஞ்சியிருப்பது காது ஒன்றுதான். பாப்பாவின் மூச்சு களகளக்கும்போது என் கை மருந்துப் புட்டிக்குப் போகும். உன் குரல், அவசரப்படாத, மூச்சு வுடட்டும் என்று சொல்லும். அவளை நிமிர்த்திச் சாய்த்து வைத்துக்கொண்டு, சத்தம் வறளும் வரை உட்கார்ந்திருப்பேன். இதுவரைக்கும் வறண்டுவிடுகிறது. ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவை வறளாது என்றே நினைக்கிறேன். அன்று படியில் வைத்த மூட்டையோடு உன் நோயும் வந்துவிட்டதோ என்று நினைப்பேன். நீ அவ்வளவு தூரத்தில் தள்ளி நின்றாய் என்பதை நினைப்பேன். நினைத்ததற்காக வெட்கப்படுவேன். உன்னிடம் இதையும் சொல்லலாம். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

ஆனால் இந்தக் குழாய்க்குச் சத்தம் இல்லை. காதை வைத்துப் பார்த்தேன். உள்ளே காற்று போகிறதா இல்லையா என்று இது சொல்ல மாட்டேன் என்கிறது. அரக்கு வைப்பதற்கு முன்பே நுழைந்துவிட்ட காற்றைத்தான் ரசம் இன்னும் தின்றுகொண்டிருக்கிறதோ? அப்படியானால் தின்று முடித்ததும் வெளுப்பு நின்றுவிடும். தொப்பியும் பிழைத்திருக்கும். இல்லை, இந்த நிமிஷமும் மயிரிழை வழியாகக் காற்று வந்துகொண்டுதான் இருக்கிறதோ? இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வெளுப்பு. இரண்டாவதுதான் என்று என் மனசு சொல்கிறது. என் மனசு எப்போதும் அப்படித்தான் சொல்லும் என்பாய்.

ரசம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே குழாயைக் கொண்டுபோய்விட்டேன் என்று வைத்துக்கொள். அப்போதும் சூடாக்கினால்தான் தெரியும். உள்ளே துளிக் காற்று இருந்தாலும் அந்தச் சூட்டிலேயே தொப்பி செத்துவிடும். பேராசிரியர் ஒரு பூஜ்யத்தை எழுதிக்கொள்வார். உன் முறை தப்பு என்றுதான் அதற்கு அர்த்தம் ஆகும். தீர்த்தம் தெளித்தோம் என்று சீமைக்கு எழுத முடியுமா? சூடாக்காமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டால் எண்ணே இல்லை. தப்பும் இல்லை, சரியும் இல்லை. பெட்டியில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். உன் நைனா மறுபடி வந்தால், நல்லா கீதா என்று கேட்பார். கரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் எவ்வளவு வெளுக்கும் என்று தெரியவில்லை.

இப்போதுதான் இரண்டாவது கோட்டைப் பார்த்தேன். அதையும் தாண்டியிருக்கிறது.

சூடாக்கச் சொல்லட்டுமா, வேண்டாம் என்று சொல்லட்டுமா? ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுது.